மகாமாயாவின் பயணமும் நம் மனையில் மகப்பேறும்

உபாசகர் பாடம்



இம்மாதப் பாடத்திற்கு மகப்பேற்றைப் பொருளாக எடுத்துக் கொண்டோம். “இது பெண்டிர் சங்கதி அன்றோ? ஆடவரும் கூடிப் படிக்கும் பாடத்தில் இதற்கு இடம் ஏது?” என்று சிலர் வினவக்கூடும். பகவான் புத்தரின் சரித்திரம் தொடங்குவதே ஒரு மகப்பேற்றில்தான். அச்சரித்திரத்தில் நாம் காணும் முதல் மரணமும் அம்மகப்பேற்றை ஒட்டியே நிகழ்ந்தது. ஆதலின் இப்பாடம் நமக்குப் புறம்பானதன்று. தாராவியிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும், தாணேயிலும் வாழும் நம் குடும்பங்களில் இவ்வாண்டு பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் ஒவ்வோர் இல்லத்தாரும், ஆண் பெண் இருபாலரும், இதனை ஒருங்கிருந்து படிப்பாராக.

1. லும்பினி வனம்

சுத்தோதனரின் மனைவியார் மகாமாயா, பேறுகாலம் நெருங்கிய போது, கபிலவத்துவினின்று தம் பெற்றோர் ஊராகிய தேவதகத்திற்குப் புறப்பட்டார். வழியில் லும்பினி என்னும் சோலையில் வலி கண்டது. சால மரத்தின் கிளையைப் பற்றி நின்றவாறே மகவை ஈன்றார் என்பது பௌத்த மரபு. ஏழாம் நாள் அவ்வன்னையார் காலஞ்சென்றார். அவர்தம் தங்கை மகாபிரஜாபதி கௌதமி அக்குழந்தையைத் தன் மகவெனவே கொண்டு வளர்த்தார்.

அவ்விடம் இன்று நேபாள நாட்டில் உள்ளது. அசோகப் பேரரசர் தம் ஆட்சியின் 20ஆம் ஆண்டில் ஆங்குச் சென்று வழிபட்டுக் கற்றூண் நிறுவினார். பகவான் பிறந்த ஊர் ஆதலின் அவ்வூரார் செலுத்தும் வரியைக் குறைத்ததாக அத்தூணின் எழுத்துக் கூறுகின்றது. மகவு பிறந்த இடத்தைப் போற்றும் அரசன், அவ்விடத்து ஏழைகளின் சுமையைக் குறைத்தான் என்பதை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் உள. கருவுற்ற பெண் தாய்வீடு நோக்கிச் செல்கிறாள். பேறு வழியிலேயே நிகழ்கிறது. பெற்ற முதல் வாரத்தில் தாய் மறைகிறாள். இம்மூன்றும் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய செய்திகள் மாத்திரமா? அல்ல. நம்மவருள் எத்தனை பேர் தலைச்சன் பிள்ளைப்பேற்றுக்கு மகளைத் திருநெல்வேலிச் சீமைக்கு இரயிலேற்றுகிறோம்! ஒரு நாளுக்கும் மேற்பட்ட அப்பயணம் நம் லும்பினிப் பயணமேயாகும். மகாமாயாவின் காலத்தில் வழியிடையே மருத்துவமனை இல்லை, குருதி ஏற்றும் முறை இல்லை, செய்தி அனுப்பக் கருவி இல்லை. நமக்கு இவை யாவும் உள. இருந்தும் முன்னேற்பாடு இன்றிப் புறப்படுவோமாயின் அக்குறை நம்முடையதே.

2. விதியோ, காரணமோ?

“பெண்ணுக்குப் பிள்ளைப்பேறு மறுபிறவி, பிழைப்பதும் பிழையாததும் தலையெழுத்து” என்று நம் முதியோர் கூறுவர். தம்மம் இதனை ஒப்புமோ? இது இருப்பதால் அது உண்டாகிறது, இது நீங்கினால் அது நீங்குகிறது என்னும் காரண காரிய நெறியே பகவான் கண்ட உண்மை. மகப்பேற்று மரணத்திற்கும் காரணம் உண்டு. காரணத்தை அறிந்தால் நீக்கலாம்.

இதற்கு ஒரு சான்று கூறுவோம். 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் இரண்டு பேற்றுக் கூடங்கள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பணி செய்தனர். மாணவர் கூடத்தில் பிரசவக் காய்ச்சலால் மடியும் தாய்மார் தொகை மிகுதியாய் இருந்தது. சிலர் காற்றைக் குறை கூறினர். சிலர் விதி என்றனர். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் மட்டும் காரணத்தைத் தேடினார். மாணவர்கள் பிண அறையில் வேலை செய்த கையோடு பேற்றறைக்கு வருவதைக் கண்டார். குளோரின் கலந்த சுண்ண நீரில் கை கழுவிய பின்னரே தாயைத் தொடவேண்டும் என்று கட்டளையிட்டார். சில திங்களிலேயே மரணம் பெரிதும் குறைந்தது. விதி என்று எண்ணப்பட்டது கழுவாத கையாக இருந்தது!

நம் நாட்டுக் கணக்கையும் காண்க. 2004 முதல் 2006 வரையுள்ள காலத்தில், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 254 தாய்மார் இந்தியாவில் இறந்தனர். 2018 முதல் 2020 வரையுள்ள காலத்தில் அத்தொகை 97 ஆயிற்று. அதே காலத்தில் கேரளத்தில் 19, மகாராட்டிரத்தில் 33, தமிழ்நாட்டில் 54. தலையெழுத்து மாநில எல்லை பார்த்து மாறுவதுண்டோ? பதினைந்தாண்டில் அது பாதிக்குங் கீழாகத் தேயுமோ? மருத்துவமனையும், மாத்திரையும், ஊர்தியும், படிப்பும் சென்ற இடத்தில் மரணம் குறைந்தது. செல்லாத இடத்தில் நின்றது. அவ்வளவே.

3. மூன்று தாமதங்கள்

தாய்மார் ஏன் மடிகின்றனர் என்று பல நாடுகளின் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இருவர், 1994இல் மூன்று தாமதங்களை எடுத்துக் காட்டினர். முதலாவது, மருத்துவ உதவி வேண்டும் என்று வீட்டார் தீர்மானிப்பதில் தாமதம். இரண்டாவது, மருத்துவமனையை அடைவதில் தாமதம். மூன்றாவது, அடைந்த இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம்.

ஆலைத் தொழிலாளர் இதனை எளிதில் உணர்வர். யான் நூற்பாலையில் ரிங் பிரேம் முன் நின்ற காலத்தில் கற்றது ஒன்று: இழை அறுந்ததை உடனே கண்டு முடிந்தால் ஒரு கணத்தில் வேலை முடியும். காணாது விட்டால் பக்கத்து இழைகளும் சிக்கும். மேஸ்திரியைக் கேட்டுத்தான் முடியவேண்டும் என்று காத்திருப்பவன் கையில் நூல் மிஞ்சாது. பிரசவ வேளையில் பெண்ணின் உயிரும் அத்தகையதே. “மாமனார் வரட்டும், மாப்பிள்ளை ஷிப்டு முடிந்து வரட்டும், விடியட்டும்” என்று காத்திருத்தலே முதல் தாமதம். இத்தாமதத்தைப் போக்க மருத்துவர் வேண்டா. வீட்டார் முன்கூட்டியே பேசி முடித்தாற் போதும்: ஆபத்துக் குறி கண்டால் வீட்டில் அப்போது இருப்பவர் எவராயினும் புறப்படலாம், எவரையும் கேட்க வேண்டுவதில்லை என்று.

4. தாய்வீடா? தன்வீடா?

இதுவே நம்மவர்க்கு உரிய தனிக் கேள்வி. தாய்வீடு செல்லும் வழக்கம் மூடத்தனம் அன்று. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐவர் அறுவர் வாழும் தாராவி மனையில் பெற்றவளுக்குப் படுக்க இடமில்லை. நள்ளிரவில் பொதுக் கழிப்பிடம் செல்லவேண்டும். மேலும், மாமியார் வீட்டில் வேலையினின்று விடுதலை கிடைப்பது அரிது. தாய்வீட்டிலோ அம்மாவும் அத்தையும் சித்தியும் உண்டு. ஓய்வும், வாய்க்கு இசைந்த உணவும், மனம் விட்டுப் பேசத் துணையும் உண்டு. இவை மருந்துக்கு ஒப்பானவை.

எனினும் மறுபக்கமும் உளது. ஆறேழு திங்கள் சயானிலோ கல்வாவிலோ பார்த்த மருத்துவர் ஒருவர். பேறு பார்ப்பவர் வேறொருவர். முன்னவர் அறிந்ததைப் பின்னவர் அறியார். அட்டையும் சோதனைத் தாள்களும் வீட்டில் மறந்து கிடக்கும். யான் அறிந்த ஒரு குடும்பத்தில், வளைகாப்புக்கு நல்ல நாள் தேடித் தேடி நாள் கடந்து, ஒன்பதாம் மாதத்தில் பெண்ணை இரயிலேற்றினர். சோலாப்பூரை நெருங்குகையில் பனிக்குடம் உடைந்தது. அங்கேயே இறக்கி, ஊரறியாது மொழியறியாது மருத்துவமனை தேடி ஓடினர். குருதி வகை என்ன என்று கேட்டதற்கு உடன் சென்றவருக்கு விடை தெரியவில்லை. அட்டை வீட்டுப் பெட்டியில் இருந்தது. தாயும் மகவும் பிழைத்தனர். ஆயினும் அவ்விரவை அவர்கள் மறந்தாரில்லை. நாளும் கோளும் பார்த்துக் காரியத்தை இழந்தவரைப் பற்றி ஜாதகக் கதைகளிலேயே நட்சத்திர ஜாதகம் என்று ஒன்று உண்டு என்பதை இங்கு நினைவூட்டுவோம்.

ஆகவே யாம் கூறும் முடிவு இது. எங்கே பெறுவது என்பதை ஏழாம் மாதம் முடிவதற்குள் தீர்மானித்துவிடுக. தீர்மானித்த பின் மாற்றாதீர். ஊருக்குச் செல்வதாயின்:

முதலாவது, மருத்துவரிடம் கேட்டு, அவர் இசைந்தாலன்றிப் புறப்படற்க. இரத்த அழுத்தம், உதிரப் போக்கு, இரட்டைக் கரு, நஞ்சு கருப்பை வாயை மறைத்துக் கீழே அமைந்திருத்தல், முன்பு குறைமாதப் பேறு ஆகியவை உடையவர்க்கு நெடும்பயணம் ஆகாது.

இரண்டாவது, எட்டாம் மாதம் நிறையுமுன் பயணத்தை முடித்துக் கொள்க. கருவுற்ற பெண்டிர்க்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இரயில்வேயில் உண்டு. சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பெறுக. வண்டியில் இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடமாடவேண்டும், நீரைக் குறைத்தலாகாது. ஆபத்து நேரின் 139 என்னும் எண்ணில் இரயில்வேயை அழைக்கலாம்.

மூன்றாவது, தாய் சேய் அட்டை, சோதனைத் தாள்கள், ஸ்கேன் தாள்கள், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவை பெண்ணின் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் அன்று. அவற்றைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கணவனும் தாயும் வைத்துக்கொள்வாராக.

நான்காவது, ஊர் சேர்ந்த வாரமே அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்க. தமிழ்நாட்டில் ‘பிக்மி’ என வழங்கும் கர்ப்பப் பதிவு எண் பிறப்புச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் கேட்கப்படும்.

இங்கேயே பெறுவதாயின், பெண் தாய்வீடு செல்வதற்குப் பதிலாகத் தாய் பெண்வீடு வரட்டும். வழக்கத்தின் உட்பொருள் ஓய்வும் துணையும் ஆகும், ஊர் அன்று. அவ்விரண்டையும் இங்கு அளிக்க இயலுமாயின் வழக்கம் கெடவில்லை.

5. பேற்றுக்கு முன்

கருவுற்றதை அறிந்தவுடன், மூன்று மாதத்திற்குள், பெயர் பதிவு செய்க. தாராவியில் ‘சோட்டா சயான்’ என்று மக்கள் அழைக்கும் மாநகராட்சி நலநிலையமும், அருகே சயானில் லோகமான்ய திலகர் பொது மருத்துவமனையும் உள. செம்பூர்ப் பக்கத்தார்க்குக் கோவண்டியில் சதாப்தி மருத்துவமனையும், தாணேயினர்க்குக் கல்வாவில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் மருத்துவமனையும் உண்டு. பரேலில் 1926இல் தோன்றிய நௌரோஜி வாடியா மகப்பேற்று மருத்துவமனை ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அன்று முதல் அரணாக நின்றது. பிரதி மாதம் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் இலவசமாகப் பரிசோதனை செய்யும் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது.

நம் பெண்டிரின் பெரும்பகை இரத்தச் சோகை. கருவுற்றவளின் ஈமோகுளோபின் 11க்குக் குறைதல் ஆகாது. 7க்குக் கீழாயின் பேராபத்து. ஏனெனில் சோகையுற்றவள் பேற்றின்போது சிறிது உதிரம் இழந்தாலும் தாங்காள். நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, 180 நாட்கள். பெற்ற பின்னும் 180 நாட்கள். அம்மாத்திரையைத் தேநீரோடு உண்ணற்க. தேநீர் இரும்புச் சத்தை உடலிற் சேரவிடாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் ஆகியன சேர்க்கும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் கொள்க. மாத்திரை உண்டால் மலம் கறுக்கும்; அதற்கு அஞ்சி நிறுத்தற்க. முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, முட்டை, இயன்றவர்க்கு மீனும் இறைச்சியும் நன்று. “பிள்ளை பெருத்துவிடும்” என்று கர்ப்பிணியின் உணவைக் குறைப்பது கொடுமை.

கீழ்க்காணும் குறிகளில் ஒன்று கண்டாலும் பகல் இரவு பாராது மருத்துவமனை ஏகுக: உதிரம் படுதல், கடுந்தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைதல், வலியின்றியே நீர் உடைதல்.

இரண்டாம் தாமதத்தை வெல்ல, ஒன்பதாம் மாதம் பிறக்குமுன் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். சந்தினுள் ஆம்புலன்ஸ் நுழையாது. கர்ப்பிணியை எந்தச் சந்து வழியே, எவர் துணையோடு, எந்தப் பெருஞ்சாலைக்குக் கொணர்வது? நாற்காலியில் வைத்துத் தூக்க இருவர் யாவர்? இரவில் வண்டி தரக்கூடிய அண்டை வீட்டார் எவர்? 108 என்னும் எண் வீட்டுக் குழந்தைக்கும் தெரிந்திருக்கட்டும். குருதி கொடுக்க இசைந்த இருவர் பெயரைக் குறித்து வையுங்கள். நம் சங்கத்து இளைஞர்க்கு இதைவிடச் சிறந்த தானம் வேறு யாது?

6. பேற்று வேளை

வலி முதலில் விட்டுவிட்டு வரும். வரவர நெருங்கும், நீளும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து ஒரு நிமிடம் நிற்குமாயின் புறப்படுக. முன்னரே பெற்றவர்க்கு விரைவில் நிகழும். அவர்கள் அதற்கு முன்பே புறப்படுவாராக. தலைச்சனுக்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் மனம் தளர வேண்டுவதில்லை. கருப்பை வாய் பத்து சென்டிமீட்டர் விரிதல் முதற் கட்டம். பிள்ளை வெளிப்படுதல் இரண்டாம் கட்டம். நஞ்சு விழுதல் மூன்றாம் கட்டம். முதற் கட்டத்தில் நடத்தலும், சாய்ந்து நிற்றலும், பக்கவாட்டில் படுத்தலும் நன்று. மரக்கிளையைப் பற்றி நின்று பெற்ற மகாமாயாவின் நிலை இயற்கைக்கு ஒத்ததென்று நம் மருத்துவச்சிகளும் அறிவர், உலக சுகாதார நிறுவனமும் ஒப்பும்.

மூச்சைக் கவனிக்கும் ஆனாபானப் பயிற்சியை ஐந்தாம் மாதம் முதல் நாளும் சிறிது நேரம் பழகுக. அது வலியை அகற்றிவிடும் என்று யாம் கூறோம். அச்சத்தைத் தணிக்கும், அச்சம் தணிந்தால் உடல் இறுக்கம் தளரும், தளர்ந்த உடல் வலியைத் தாங்கும்.

பெண் ஒருத்தி துணையாக உடனிருக்க அனுமதி கேளுங்கள். அரசின் பேற்றறை ஒழுங்கு இதனை ஏற்கிறது. மராத்தி அறியாத நம் பெண்டிர்க்கு இத்துணை இன்றியமையாதது. சொல்ல இயலாத வலி மூன்றாம் தாமதத்தை உண்டாக்கும். ஆதலின் சில சொற்களையேனும் கற்பிப்போம். பேற்று வலி வருகிறது என்பதற்குக் ‘களா யேதாத்’, உதிரம் போகிறது என்பதற்கு ‘ரக்த் ஜாதய்’, தலை சுற்றுகிறது என்பதற்குச் ‘சக்கர் யேதே’, காய்ச்சல் உண்டு என்பதற்குத் ‘தாப் ஆஹே’, மகவுக்குப் ‘பாள்’. இவ்வைந்தும் ஓர் உயிரைக் காக்கக் கூடும்.

அங்குலிமாலர் வரலாற்றை அறிவீர். பிக்குவான பின் அவர் பிச்சைக்குச் செல்கையில், பேற்று வலியால் துன்புறும் ஒரு பெண்ணைக் கண்டு மனம் நெகிழ்ந்து பகவானிடம் உரைத்தார். பகவான் அவரை அப்பெண்ணிடமே திருப்பி அனுப்பிச் சத்தியமொழி கூறச் செய்தார். இலங்கையிலும் பர்மாவிலும் கர்ப்பிணிகளுக்காக அப்பரித்தம் இன்றும் ஓதப்படுகிறது. நாமும் ஓதுவோம். ஆயினும் ஒன்றை உன்னுக: துன்பத்தைக் கண்டவர் அப்பால் நடந்து போகவில்லை, அவள் இருக்கும் இடத்திற்கே மீண்டு சென்றார். பரித்தம் ஓதுவோர் ஓதுக. அதே வேளையில் ஒருவர் 108ஐ அழைப்பாராக.

7. பெற்ற பின்

தாய்க்குப் பேராபத்து பேறு முடிந்த முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில். பெரும்பாலும் மிகுந்த உதிரப்போக்கே காரணம். ஆதலின் சுகப்பேறு ஆயினும் இரண்டு நாள் மருத்துவமனையிலேயே இருத்தல் வேண்டும். வீடு திரும்பிய பின் 42 நாள் வரை காய்ச்சல், நாற்றமுள்ள போக்கு, திடீரென மிகும் உதிரம், கால் வீக்கத்தோடு வலி, கடுந்தலைவலி கண்டால் “பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று விடற்க. தீட்டு என்று தனியறையில் ஒதுக்குவதும், நீரும் உணவும் குறைத்துப் பத்தியம் என்பதும் தம்மத்துக்கும் அடாது, மருத்துவத்துக்கும் அடாது.

மகவு பிறந்த முதல் மணியிலேயே தாய்ப்பால் தருக. மஞ்சளாய்ச் சுரக்கும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவோர் பிள்ளையின் முதல் மருந்தைக் கொட்டுகின்றனர். சேனை வைத்தல், தேன் தடவல், சர்க்கரை நீர், வசம்பு ஆகியன வேண்டா. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி நீரும் வேண்டா. முதல் நாள் குளிப்பாட்டலும், கொப்பூழில் சாம்பலோ எண்ணெயோ இடுதலும் வேண்டா. 2500 கிராமுக்குக் குறைந்த மகவைத் தாயின் மார்பில் தோலோடு தோலாக அணைத்து வைத்தல் நன்று. கொலம்பியா நாட்டுப் பொகோடா நகரில் 1978இல் தொடங்கிய இம்முறைக்குக் கருவியும் வேண்டா, காசும் வேண்டா. தந்தையும் அணைக்கலாம்.

பால் போதாத குறைமாதச் சிசுக்களுக்காக, பிற தாய்மார் ஈந்த பாலைச் சேர்த்து வழங்கும் தாய்ப்பால் வங்கி ஆசியாவிலேயே முதன்முதல் 1989இல் நம் தாராவிக்கு அண்மையிலுள்ள சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா பெர்னாண்டஸ் அவர்களால் நிறுவப்பட்டது. மகாபிரஜாபதி கௌதமி தன் பாலூட்டித் தமக்கையின் மகவை வளர்த்ததற்கு இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறில்லை. பால் மிகுந்த தாய்மார் அங்கு ஈயலாம். ஈபவரின் சாதியும் சமயமும் அச்சிசு அறியாது.

பிறந்தவுடன் காசநோய், இளம்பிள்ளைவாதம், மஞ்சட்காமாலை ஆகியவற்றுக்கான தடுப்புமருந்து மூன்றும் பெறுக. 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்க. பால் குடியாமை, மூச்சு வாங்கல், உடல் சில்லிடல் அல்லது கொதித்தல், வலிப்பு, உள்ளங்கை மஞ்சளாதல் கண்டால் உடனே ஓடுக.

இன்னொன்று. பெற்ற சில நாள் தாய்க்கு அழுகை வருவது இயல்பு. இரு வாரம் கடந்தும் சோர்வு நீங்காமல், உறக்கமும் பசியும் இன்றி, பிள்ளையை நோக்க மனம் வராது இருந்தால் அது நோய். பேய் அன்று, திமிரும் அன்று. மருத்துவரை நாடுக. 14416 என்னும் அரசின் மனநல எண்ணில் தமிழிலும் பேசலாம்.

8. தந்தையின் கடமை

சிகாலோவாத சுத்தம் கணவன் மனைவிக்கு ஆற்றவேண்டிய கடமைகளில் அவளை மதித்தலை முதலாக வைக்கிறது. மதித்தலாவது யாது? நீர்க்குடம் சுமத்தல், வரிசையில் நின்று மருந்து வாங்கல், இரவில் அழும் பிள்ளையை ஏந்தி அவளை உறங்க விடுதல், குடியை ஒழித்தல், அடுத்த மகவுக்குக் குறைந்தது மூன்றாண்டு இடைவெளி விடுதல்.

பிறந்தது பெண்ணாயின் முகம் சுளிப்போர் நம்முள்ளும் உளர். மல்லிகா தேவியார் பெண் மகவைப் பெற்றார் என்று கேட்டுக் கோசல மன்னர் பசேனதி வாடினார். பெண் ஆணினும் சிறந்தவளாகலாம் என்று பகவான் அவரைத் தேற்றினார். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிதல் 1994இல் இயற்றப்பட்ட சட்டப்படி நாடெங்கும் குற்றம். மகாராட்டிரம் 1988லேயே இதற்குச் சட்டம் இயற்றியது.

9. உழைக்கும் தாய்

1928இல் பம்பாய்ச் சட்டசபையில், ஆலைப் பெண்களுக்கு மகப்பேற்று ஓய்வும் உதவியும் அளிக்கும் மசோதாவைப் பாபாசாகேப் அம்பேத்கர் ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுதல் தேசத்துக்கே நன்மை என்பது அவர் வாதம். தாயின் வலி அவள் தனிக்கணக்கன்று, சமுதாயத்தின் கணக்கு என்று அவர் காட்டினார். 1929இல் அது பம்பாய் மாகாணத்தில் சட்டமாயிற்று. 1961இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. 2017இல் முதலிரு பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது.

ஆயின் இன்று ஆலைகள் மூடின. நம் பெண்டிர் வீட்டுவேலையிலும், தையலிலும், அப்பளம் இடுவதிலும், கழிவு பிரிப்பதிலும் உள்ளனர். அவர்க்கு விடுப்பு ஏது? முதற் பேற்றுக்கு 5000 ரூபாயும், இரண்டாவது பெண் மகவாயின் 6000 ரூபாயும் தரும் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் அங்கன்வாடி வழியே பதிவு செய்க. அரசு மருத்துவமனையில் பேறும், அறுவையும், மருந்தும், குருதியும் இலவசம் என்பது 2011 முதல் உள்ள ஏற்பாடு, உரிமையோடு கேளுங்கள். எஞ்சிய குறையைச் சங்கம் நிரப்பவேண்டும். ஒவ்வொரு விகாரையும், ஒவ்வொரு மன்றமும், பெற்ற தாய் ஒருத்திக்கு நாற்பது நாள் சோறு சமைத்துக் கொடுக்கும் முறை வைத்துக் கொண்டால், அதுவே புண்ணியம்.

மகாமாயாவுக்கு நாம் செய்யத்தக்க வழிபாடு மலர் தூவல் மாத்திரம் அன்று. நம் மனையில் எந்தத் தாயும் ஏழாம் நாள் காணாது மறையாதிருக்கச் செய்தலே அவ்வழிபாடு. அவ்வாறு செய்வோமாக. மங்களம் உண்டாகுக.

பாட வினாக்கள்

1. மகப்பேற்று மரணம் விதியால் நேர்வதன்று என்பதற்கு இரு சான்றுகள் தருக.

2. மூன்று தாமதங்கள் யாவை? உம் வீட்டில் அவற்றுள் எது நேரக்கூடும்?

3. உம் மனையிலிருந்து மருத்துவமனைக்கு இரவில் செல்லும் வழியையும், துணை வருவார் பெயரையும், குருதி ஈவார் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுக.

4. இப்பாடத்தை எழுத்தறியாத ஒரு சகோதரிக்கு இவ்வாரமே படித்துக் காட்டுக.